நாங்கள் கைதூக்கி எடுத்த கேப்டன்

காளைகளின் காதருகே குனிந்து ஏதோ சொல்லிவிட்டுத்தான் ஆஸ்ரோ பிக்னல் என் கடை முன்னாலுள்ள இறக்கத்தில் வண்டியை விடுவார். இரண்டும் செக்கச்செவேலென்ற காளைகள். ஒன்று ஸ்டார், மற்றது பிரைட். வெர்மாண்ட் மலைகளில் பாதிக் காளைகளுக்கு இதே பெயர்கள்தான். பெயர் வைக்கிற விஷயத்தில் நாங்கள் மூளையைச் செலவழிப்பதில்லை. மற்ற வண்டிக்காரர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரும்போதே அவர்கள் சத்தம் என் கடைக்குள் வந்துவிடும். இடப்பக்கம் திரும்ப 'ஹா', வலப்பக்கம் திரும்ப 'ஜீ', நிற்க 'வோ' என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். ஆஸ்ரோ கத்துவதில்லை. கோலின் நுனியால் நுகத்தடியில் ஒரு தட்டு, வாய்க்குள்ளே ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான். காளைகள் கேட்டுக்கொள்கின்றன.

"என்னய்யா ரகசியம் சொல்ற அதுங்ககிட்ட?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல லைமன், நீ வாசல்ல நிக்கறன்னு சொன்னேன். பாத்துப் போகணும்ல."

ஐம்பதைத் தொட்டுவிட்ட ஆள். கதவு நிலையில் குனிந்துதான் உள்ளே வர வேண்டிய உயரம். தாடி ஒரு காலத்தில் சிவப்பு; இப்போது காதோரம் மட்டும் அந்தச் சிவப்பு மிச்சமிருக்கிறது. குளிர்காலத்தில் மலையிலிருந்து மரத்தடிகளை இழுத்து வருவார். மார்ச்சில் மேப்பிள் மரங்களிலிருந்து வடித்த பாலைப் பீப்பாய்களில் ஏற்றிச் சர்க்கரை காய்ச்சும் கொட்டகைகளுக்குக் கொண்டுபோவார். கோடையில் வயலில் கிடக்கும் பாறைகளைப் பெயர்த்து வேலியோரம் சேர்ப்பார். எங்கள் வயல்களில் பாறைக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் புதிதாக முளைக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். ஆகவே ஆஸ்ரோவுக்கும் வேலைக்குப் பஞ்சமில்லை.

அவர் மனைவி ஃபைலீனா எங்கள் கடையில் நல்ல காப்பி அரைக்கும் இயந்திரம் ஒன்று வாங்கிப்போனாள். அது அலமாரியில் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. ஆஸ்ரோ காப்பிக்கொட்டையைத் துணியில் முடிந்து, வாசற்படியில் வைத்துக் கல்லால் நைத்து, தகரக் குவளையில் போட்டுக் கொதிக்கவிட்டு, கசடோடு குடிக்கிறார். போர்க்காலத்தில் வர்ஜீனியாச் சேற்றில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் குடித்தோம். வீடு திரும்பியதும் மற்றவர்கள் நாகரிகமாகிவிட்டோம். உண்மையைச் சொல்கிறேன், நான் இப்போது குடிக்கும் காப்பி எதிலும் அந்த ருசி இல்லை. எப்போதாவது ஒரு காலை நேரத்தில் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அவர் வீட்டுப் படியில் போய் உட்காருவேன். கேட்காமலே இன்னொரு குவளை வரும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மார்ச் மாத ஊர்க்கூட்டத்துக்குத் தவறாமல் வருவார், கடைசி பெஞ்சில் உட்காருவார், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். பாலத்துக்குப் பலகை போடலாமா, பள்ளிக்கூடத்துக்கு அடுப்பு மாற்றலாமா என்று எதற்கு ஓட்டெடுத்தாலும் அந்தக் கைகள் வெளியே வருவதில்லை. ஊரில் எல்லோரும் அவரைக் கேப்டன் என்று கூப்பிடுகிறோம். அந்தப் பெயருக்கு மட்டும் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. போன வருஷம் புதிதாக வந்த பாதிரியார், "கேப்டன் பிக்னல்! கேப்டன் பிக்னல்!" என்று அவர் பின்னாலேயே பாலம் வரை ஓடியிருக்கிறார். மூச்சு வாங்க என் கடைக்கு வந்து, "அவருக்குக் காது கேக்காதோ?" என்றார். "காது கேக்குது ஐயா, பேருதான் பிடிக்கல," என்றேன். கதையைச் சொல்லவில்லை. அது அன்றைக்கு ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற கதையாக இருக்கவில்லை.

எங்கள் ஊர் கென்ஃபீல்டில் எல்லாவற்றுக்கும் ஓட்டெடுப்போம். சாலை பார்க்க ஒருவர், வேலி பார்க்க ஒருவர், தெருவில் திரியும் பன்றிகளைப் பிடிக்க ஒருவர். இந்தப் பன்றிக்காவலர் பதவியை அந்த வருஷம் கல்யாணம் ஆனவன் தலையில் கட்டிவிட்டுச் சிரிப்பது எங்கள் வழக்கம். ஊர் கைதூக்கிவிட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியாது; சொன்னவன் அப்புறம் யார் முகத்திலும் விழிக்க முடியாது. ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தோராம் வருஷம் மார்ச்சில் ஆஸ்ரோ புது மாப்பிள்ளை. பன்றிக்காவலர் ஆனார். அதே வருஷம் இலையுதிர் காலத்தில் எங்களுக்குக் கேப்டன் ஆனார். "வேலை ஒண்ணுதான், உருப்படி மட்டும் மாறியிருக்கு," என்று அலான்சோ பைக் அப்போதே சொன்னான். அலான்சோவுக்குப் போரில் இரண்டு விரல் போயிற்று, வாய் போகவில்லை.

அது நடந்த விதம் இப்படி. தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோய்ச் சண்டை தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. கவர்னர் புதிதாக ஒரு தொண்டர் ரெஜிமெண்ட் திரட்டச் சொன்னார். ரெஜிமெண்ட்டுக்கு நூறு நூறு பேராகப் பத்துக் கம்பெனி. அதில் ஒரு கம்பெனியை எங்கள் பள்ளத்தாக்கே கொடுப்பது என்று பேச்சு. தேவாலயத்தில் கூட்டம் போட்டார்கள். பெண்கள் பாடினார்கள், ஒருவன் முரசு தட்டினான். முதலில் ஒருவரும் எழவில்லை. ஒருவன் எழுந்த பிறகு உட்கார்ந்திருக்க ஒருவராலும் முடியவில்லை. ஆள் சேர்ந்ததும் கேப்டன் யார் என்ற கேள்வி. கேப்டனையும் சிப்பாய்களே தேர்ந்தெடுக்கலாம் என்பது அந்தக் காலத்துத் தொண்டர் படைகளின் வழக்கம். வாரன் ஹஸ்கின்ஸ் என்று ஒருவர், அமைதியான மனுஷர், போர்ப் பயிற்சிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தார். ஆனால் பேசினால் மூன்றாவது பெஞ்சுக்குக் கேட்காது. ஆஸ்ரோ மலையுச்சியில் நின்று காளையை அதட்டினால் அடுத்த ஊர்க் காளை நிற்கும். போர்க்களத்தில் குரல்தானே வேண்டும் என்று நினைத்தோம். அத்தனை கைகளும் உயர்ந்தன. ஹஸ்கின்ஸ் சார்ஜெண்ட் ஆனார். ஊர்ப் பெண்கள் சேர்ந்து ஆஸ்ரோவுக்கு ஒரு வாள் பரிசளித்தார்கள். அதை இடுப்பில் கட்டிய முதல் நாள் நடக்கத் தெரியாமல் படியில் தடுக்கி விழப்பார்த்தார். நாங்கள் அதற்கும் கைதட்டினோம்.

பிராட்டில்பரோ முகாமில் நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. பாதிப் பேருக்கு இடது எது, வலது எது என்பது நடக்கும்போது மறந்துவிடும். இடது காலில் புல்லையும் வலது காலில் வைக்கோலையும் கட்டிவிட்டு, "புல்லு, வைக்கோலு, புல்லு, வைக்கோலு" என்று ஹஸ்கின்ஸ் நடத்திப் பழக்கினார். ஆஸ்ரோவுக்கு நடை வந்தது, கட்டளைச் சொற்கள் வரவில்லை. கர்னல் பார்வையிட்ட நாள், கம்பெனி முழுவதும் இடப்பக்கம் சுழல வேண்டிய இடத்தில் அவருக்குச் சொல் மறந்துபோயிற்று. வாய் தானாகத் திறந்தது. "ஹா!"

நாங்கள் திரும்பினோம். வாசற்கதவு திரும்புவது போல, ஒரு மூலை பிசகாமல். எங்கள் கால்களுக்கு அந்தச் சொல் பால்குடி வயசிலிருந்தே தெரியும்.

கர்னல் குதிரையை நிறுத்திவிட்டார். "கேப்டன், இது எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"

ஆஸ்ரோ விழித்தார். வரிசைக்குள்ளிருந்து அலான்சோதான் பதில் சொன்னான். "புஸ்தகத்துல இல்லீங்க ஐயா. எங்க ஊருல பாதிப் பேரு மாட்டோட வளந்தவங்க, மீதிப் பேரு மாடுங்க."

கர்னலும் சிரித்தார். அவர் அன்றைக்குச் சிரிக்காமல் ஒரு சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு பலமுறை நினைத்ததுண்டு.

அடுத்த வசந்தத்தில் வர்ஜீனியாவில் முதல் சண்டை. ஒரு ஓடை, அதற்கப்பால் திறந்த வயல், வயலுக்கு மறுகோடியில் மரங்கள். நிற்காமல் வயலைக் கடந்து மரங்களுக்குள் போய்விட வேண்டும் என்பது உத்தரவு. ஓடையைத் தாண்டியதும் எங்கள் வரிசை கலைந்தது. சிலர் முன்னால் ஓடினார்கள், சிலர் பின்தங்கினார்கள். குண்டுகள் தேனீ மாதிரி ரீங்காரமிட்டன. வரிசையைச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று ஆஸ்ரோ நினைத்தார். அதற்கு ஒரு கட்டளை உண்டு. அது அவர் வாயில் வரவில்லை.

"வோ!" என்றார். அத்தனை பீரங்கிச் சத்தத்திலும் அந்தக் குரல் கேட்டது.

நாங்கள் நின்றோம். வெட்டவெளியில், ஒருவர் பாக்கியில்லாமல். எங்கள் வரிசை அதற்கு முன்னும் அதற்குப் பின்னும் அவ்வளவு நேராக நின்றதில்லை. எதிர்ப்பக்கத்துக்காரர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஹஸ்கின்ஸ் பாய்ந்து வந்து எங்களைப் பிடித்துத் தள்ளி ஓடவைப்பதற்குள் மூன்று பேர் விழுந்துவிட்டார்கள். ஒருவன் ஆர்வில் பிரிட்ஜ்மன். பத்தொன்பது வயசு. எங்கள் ஊர் ஹல்டா பிரிட்ஜ்மன் அம்மாளுக்கு ஒரே பிள்ளை.

மறுநாள் சாயங்காலம் சமையல் நெருப்பைச் சுற்றிக் கூடினோம். எங்களைக் கூட்டியது யார் என்று நினைவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கூட்டம் கூட யாரும் சொல்லித்தர வேண்டாம். கர்னலிடம் போனதற்கு, "உங்க ஊரு விவகாரம், நீங்களே முடிச்சுக்குங்க," என்று ஒதுங்கிக்கொண்டார். ஆஸ்ரோவை இறக்கிவிட்டு ஹஸ்கின்ஸை ஏற்றுவதா என்று கேள்வி வைக்கப்பட்டது. முதலில் உயர்ந்த கை ஆஸ்ரோவுடையது. அப்புறம் எங்கள் கைகள். நானும் தூக்கினேன். தூக்கியது சரி. இன்றைக்குக் கேட்டாலும் தூக்குவேன். ஆனால் அந்த நெருப்பு வெளிச்சத்தில் தன்னை இறக்கத் தானே கைதூக்கி நின்ற மனுஷரைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது.

பதவி துறந்த அதிகாரி மரியாதையாக வீட்டுக்குப் போகலாம். பலர் போனார்கள். ஆஸ்ரோ வாளைக் கழற்றி ஹஸ்கின்ஸ் கையில் கொடுத்துவிட்டு, துப்பாக்கி ஒன்றை வாங்கிக்கொண்டு, சாதாரணச் சிப்பாயாக வரிசையில் வந்து நின்றார். அன்றிலிருந்து அவர் குரல் இறங்கிப்போயிற்று. சண்டை முடியும்வரை ஹஸ்கின்ஸின் கீழ் இருந்தார், ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. யாராவது நொண்டினால் அவன் மூட்டையும் இவர் தோளில் ஏறும். ஒருமுறை தளவாட வண்டிகள் அச்சு வரை சேற்றில் புதைந்து, கோவேறு கழுதைகள் ஒரு அடி எடுத்துவைக்க மாட்டேன் என்று நின்றுவிட்டன. ஆஸ்ரோ போய் ஒவ்வொன்றின் காதிலும் ஏதோ சொன்னார். வண்டிகள் நகர்ந்தன. அதைப் பார்த்த கர்னல் அவரை வண்டிகளுக்குத் தலைவராகப் போடுவதாகச் சொல்லி அனுப்பினார். பின்னணியில் பத்திரமான வேலை, நேரத்துக்குச் சாப்பாடு. "எனக்கு இடம் இங்க இருக்குங்க," என்று சொல்லி ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மூன்றாம் குளிர்காலத்தில் எங்கள் மூன்று வருஷ ஒப்பந்தக் காலம் முடியும் நேரம் வந்தது. போதுமான பேர் மறுபடி சேர்ந்தால்தான் ரெஜிமெண்ட்டுக்கு அதன் எண்ணும் கொடியும் நிலைக்கும். இல்லையென்றால் கலைத்து, மிஞ்சியவர்களை வேறு ரெஜிமெண்ட்டுகளில் தூவிவிடுவார்கள். மரக்கட்டைக் குடிசைகளில் இருந்தோம் அப்போது. புகையும் ஈரக் கம்பளி நாற்றமும் உப்புப் பன்றி வறுபடும் வாசனையும் கலந்த அந்தக் குடிசைகள் எனக்கு இன்னும் கனவில் வருகின்றன. ஹஸ்கின்ஸ் வாசலில் நின்றுகொண்டு, கேட்க வந்ததைக் கேட்க முடியாமல் தொப்பியைத் திருகினார். "என் பெண்டாட்டி தேடுறாளோ இல்லியோ, என் பசுமாடு தேடும்," என்றான் அலான்சோ. ஒருவரும் சிரிக்கவில்லை. மூலையில் இருந்த ஆஸ்ரோ கையைத் தூக்கினார். அப்புறம் ஒருவர், அப்புறம் இருவர். வைதுகொண்டேதான் தூக்கினோம். அப்படித்தான் எங்கள் கம்பெனி கம்பெனியாகவே இருந்தது.

மறுபடி சேர்ந்ததற்கு விடுமுறை கொடுத்தார்கள். பனிச்சறுக்கு வண்டியில் ஊர் வந்து இறங்கிய மறுநாள், ஆஸ்ரோ ஹல்டா அம்மாளைப் பார்க்கப் புறப்பட்டார். வேலிக்கதவு வரை போயிருக்கிறார். அம்மாள் தனியாக விறகு பிளந்துகொண்டிருந்தாள். அந்த வேலையைச் செய்திருக்க வேண்டியவன் யார் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். கதவைத் திறக்காமலே திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டு முன்னால் அவர் போனதே இல்லை.

மே மாதக் கடைசியில் மாண்டவர்களின் கல்லறைகளுக்குப் பூப்போடும் நாள் வரும். மிச்சமிருக்கும் நாங்கள் நீலக் கோட்டுகளை மாட்டிக்கொண்டு, வயிறு பெருத்துப் பொத்தான் மாட்ட முடியாதவர்கள் திறந்துபோட்டுக்கொண்டு, கடைவீதியிலிருந்து மேட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு அணிவகுத்துப் போவோம். பழைய இடங்களில்தான் நிற்போம். செத்தவன் இடத்தை இட்டு நிரப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை. சாலை ஹல்டா அம்மாள் வீட்டு முன்னால்தான் போகிறது. மர அறுவை ஆலை திருப்பம் வந்ததும் ஆஸ்ரோ வரிசையிலிருந்து விலகி, ஆலைக்குப் பின்னால் ஓடைக்கரை வழியாகச் சுற்றி, கல்லறைத் தோட்டத்தில் எங்களோடு வந்து சேர்ந்துகொள்வார். பூட்ஸில் சேறு இருக்கும். ஒருவரும் ஒரு வருஷமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இந்தப் பிப்ரவரியில் ஹஸ்கின்ஸ் இறந்துபோனார். பனியில் அவர் சவப்பெட்டியை இழுத்துப் போனவை ஸ்டாரும் பிரைட்டும்தான். மே மாதம் வந்ததும், என் கடை மாடியில் இருக்கும் பழைய சிப்பாய்கள் சங்கத்தில் கூடினோம். அணிவகுப்பில் ஹஸ்கின்ஸுக்குப் பதிலாக முன்னால் நடக்க ஆள் வேண்டுமே.

"இதுல பேச என்ன இருக்கு? பிக்னலப் போடுவோம்," என்றார் அலான்சோ பைக். இப்போது அவருக்கும் பேரப்பிள்ளைகள் வந்துவிட்டதால் மரியாதை கொடுத்து எழுதுகிறேன்.

"எந்தப் பிக்னல்?" என்றார் ஆஸ்ரோ கடைசி பெஞ்சிலிருந்து.

"நீதான்யா. உன் காளைங்களப் போடலாம்னு பாத்தா அதுங்க பட்டாளத்துல சேரலியே."

"வேணாம்பா. ஒருதரம் போட்டீங்களே, போதாதா? மேட்டுல மூணு கல்லு நிக்குது."

அந்த மூன்று கற்களைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. யாராவது பேச்சை மாற்றமாட்டார்களா என்று எனக்கு இருந்தது. அலான்சோ மாற்றவில்லை.

"அந்த மூணு கல்லுக்கும் பூப்போட உன்னோட சேந்துதான் வருஷா வருஷம் போறோம் ஆஸ்ரோ. நீ மட்டும் ஓடையச் சுத்தி வர்ற. நாங்க குருடுன்னு நெனச்சியா? மத்த ரெண்டு பேரு வீட்டுல யாரும் மிச்சமில்ல. அந்தம்மா ஒருத்திதான் வாசல்ல உக்காந்து பாக்குது. கம்பெனி போறப்ப ஒரு ஆள் குறையுறது அதுக்குத் தெரியாதா?"

"தெரியட்டும். அதுக்காக அவங்க மூஞ்சிக்கு முன்னாடி நான் தலைமை தாங்கிக்கிட்டுப் போகணுமா?"

"ஓட்டு," என்றார் அலான்சோ. "பிக்னல் வேணும்ங்கிறவங்க?"

அத்தனை கைகளும் உயர்ந்தன.

"வேணாம்ங்கிறவங்க?"

தொடைக்கு அடியிலிருந்து அந்தக் கை வெளியே வந்தது. ஒற்றைக் கை.

"ஒரு ஓட்டு. தோத்துட்டய்யா. கூட்டம் முடிஞ்சுது."

இரண்டு நாள் கழித்து ஃபைலீனா கடைக்கு வந்தாள். நீலக் கோட்டுக்குப் பித்தளைப் பொத்தான் வேண்டும் என்றாள். பொத்தானை விட்டுவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க லைமன் அண்ணே எல்லாரும் சேந்து? மனுஷன் சாப்பிடமாட்டேங்கறாரு. போய்த் தொழுவத்துல நிக்கறாரு."

"மாட்டேன்னு சொல்லிட்டாரா?"

"ஊரு கைதூக்கினத அவரு எப்படி மாட்டேம்பாரு? பன்றி பிடிக்கச் சொன்னப்பவே போய்ப் பிடிச்ச ஆளு. நான் போய் ஹல்டா அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வரட்டான்னு கேட்டேன். கூடாதுன்னுட்டாரு. 'அவங்க பாக்குறதும் மூஞ்சியத் திருப்புறதும் அவங்க இஷ்டம், நீ போய்க் கேட்டு வாங்காத'ங்கறாரு." முந்தானை போலத் தோளில் கிடந்த சால்வையை இழுத்து மூக்கைத் துடைத்தாள். "அயோவாவுல இருந்து அவரு தம்பி கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். அங்க மண்ணுல கல்லே இல்லியாம். அந்தம்மா மட்டும் அன்னிக்கு எந்திரிச்சு உள்ள போயி கதவச் சாத்திட்டா, காளையப் பூட்டிருவாரு அண்ணே. எனக்கு அவரத் தெரியும். இந்த வயசுல நான் எங்க போயி வேர் விடுறது?"

பொத்தான்களை மடித்துக் கொடுத்தேன். ஆஸ்ரோ இல்லாத கென்ஃபீல்டை நினைத்துப் பார்த்தேன். கசடுக் காப்பிக்கு வேறு படி கிடையாது. அலான்சோ கொஞ்சம் வாயை மூடியிருக்கலாம் என்று அன்று முழுவதும் கோபமாக இருந்தது.

பூப்போடும் நாள் வெயிலோடு விடிந்தது. லைலாக் பூக்கள் வேலியெங்கும் பூத்திருந்தன. ஆளுக்கொரு கொத்து ஒடித்துக்கொண்டு வந்தோம். ஆஸ்ரோ புதுப் பொத்தான் கோட்டில் வந்து முன்னால் நின்றார். எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் உப்பு கேட்கிற குரலில், "முன்னே நட," என்றார். புத்தகத்திலுள்ள சொல், அட்சரம் பிசகாமல்.

"பின்னாடி கேக்கல கேப்டன்!" என்றார் அலான்சோ.

"கேக்கலன்னா முன்னாடி இருக்கறவன் போறதப் பாத்துட்டு வா."

நடந்தோம். முரசுக்காரன் அடித்தான். சிறு பிள்ளைகள் கூடவே ஓடிவந்தார்கள். மர அறுவை ஆலை திருப்பம் வந்தது. அங்கே எங்கள் அத்தனை பேருக்கும் கால் கொஞ்சம் தயங்கியது. ஆஸ்ரோவின் தலை ஓடைப் பக்கம் ஒருமுறை திரும்பியதைப் பார்த்தேன். பிறகு நேராகப் போனார். அவர் பிடரி வேர்த்திருந்தது.

ஹல்டா அம்மாள் வழக்கம்போல வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் வருவது யார் என்று தெரிந்ததும் எழுந்தாள். உள்ளே போகப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் படியிறங்கி, கைத்தடியை ஊன்றிக்கொண்டு வேலிக்கதவுக்கு வந்தாள். ஆஸ்ரோ கையை உயர்த்தினார். கம்பெனி நின்றது. முரசும் நின்றது.

"ஏ ஆஸ்ரோ," என்றாள் அம்மாள். "இந்தப் பக்கமா வர்றதுக்கு இத்தன வருஷமா உனக்கு?"

ஆஸ்ரோ தொப்பியைக் கழற்றினார். "அம்மா..."

"நான் பேசிக்கறேன், நீ சும்மா இரு. உன்ன நான் மன்னிக்கல. மன்னிப்பேனான்னு எனக்கே தெரியல. அது வேற கணக்கு. ஆனா என் பிள்ளைகூட நடந்தவன் இந்த ஊருல கொஞ்சம் பேருதான் மிச்சம். அதுலயும் ஒருத்தன் என்னக் கண்டா ஓடைக்குள்ள எறங்குறான். எனக்கு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்தியா? வருஷா வருஷம் எண்ணிப் பாக்குறேன், ஒரு ஆளு குறையுது. என் மகனத்தான் இல்லேன்னு ஆக்கிட்டீங்க. நீயும் இல்லாம போனா நான் யாரத் திட்டறது?"

ஆஸ்ரோவின் கண்ணிலிருந்து வழிந்தது தாடியில் இறங்கியது. அதை அவர் துடைக்கவும் இல்லை. எங்களில் பலருக்கும் அதே நிலைதான்.

அம்மாள் வேலிக்கதவைத் திறந்துகொண்டு சாலைக்கு வந்தாள். எங்கள் வரிசையை மேலும் கீழும் பார்த்தாள். எங்கள் நரைத்த தலைகளில் எதைத் தேடினாளோ.

"அவன் எங்க நிப்பான்?" என்று கேட்டாள். "எனக்கு யாருமே சொன்னதில்ல. ஆர்வில் எந்த எடத்துல நிப்பான்?"

எங்கள் எல்லோருக்கும் தெரியும். பின்வரிசையில், இடக்கோடியிலிருந்து இரண்டாவது இடம். செத்தவன் இடத்தை நாங்கள் நிரப்புவதில்லை என்று சொன்னேன். ஒரே ஒரு தடவை அந்த வழக்கத்தை மீறியிருக்கிறோம். வாளைக் கழற்றிக் கொடுத்த அந்தச் சாயங்காலம், அந்த இடத்தைத்தான் ஆஸ்ரோ கேட்டு வாங்கிக்கொண்டார். சண்டை முடியும்வரை அதில்தான் நின்றார். அதன் பிறகும் ஒவ்வொரு மே மாதமும், ஆலைத் திருப்பம் வரை அதில்தான் நடந்தார். இன்றைக்கு அவர் முன்னால் போய்விட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது.

ஆஸ்ரோ முன்னாலிருந்து நடந்து வந்தார். பின்வரிசைக்குப் போய், காலியிடத்துக்குப் பக்கத்தில் நின்ற அலான்சோவின் தோளைத் தொட்டு ஒரு அடி தள்ளி நிற்கவைத்தார். அலான்சோ பைக் ஒரு வார்த்தை பேசாமல் தள்ளி நின்றார். "இங்கம்மா," என்றார் ஆஸ்ரோ.

ஹல்டா அம்மாள் கைத்தடியோடு வந்து அந்த இடத்தில் நின்றாள். நிமிர்ந்து முன்னால் பார்த்தாள். கம்பெனிக்கு முன்னால் ஆள் இல்லை. கேப்டன் திரும்பிப் போவார் என்று காத்திருந்தோம்.

அவர் போகவில்லை. வரிசையில் நிற்கிறவன் பக்கத்தில் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆள் இருக்கிறானா என்று முழங்கையால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்ரோ தொப்பியை மாட்டிக்கொண்டு, அலான்சோ விட்டுக்கொடுத்த ஒரு அடியில் புகுந்து நின்று, கண்ணை நேராக வைத்துக்கொண்டு, தன் முழங்கையை ஹல்டா அம்மாளின் முழங்கையோடு சேர்த்தார்.